உன் நைனாவின் நேர்ச்சையும் பிரித்துப் போட்ட வண்டியும்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
8 அக்டோபர் 1972

கரக்பூரில் இருக்கும் என் அருமை மகள் ரோசிக்கு அம்மா பிலோமி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் நைனாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை தாமஸும் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் ஒரு குறையில்லாமல் வெளியே வரவேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திரும்பாவிட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ ரயில் ஏறக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டதால் இங்கே அழைத்துக்கொள்ளவும் வழியில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைசியில் ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி, நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை அம்மா என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு, உலை கொதித்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டிலிருந்து யாரும் வராமல் இருப்பார்களா, நைனாவுக்கு எங்கள் மேல் ஏதாவது கோபமா என்றும் கேட்டிருக்கிறாய். கோபம் ஒன்றும் இல்லை, ரோசி. இத்தனை நாள் வருகிறோம் வருகிறோம் என்று நான்தான் மழுப்பிக்கொண்டிருந்தேன். இனி ஒளிக்காமல் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, அவர் வீட்டார் காதுக்குப் போக வேண்டாம்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் நீ பிள்ளை இல்லாமல் இருந்தபோது உன் நைனா ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் போன வருஷம் கோயில் திருநாளில் மாதா தேர் நம் சந்து முனையில் நின்றபோது, மனிதர் கையை நீட்டி, ஊரே கேட்கிற மாதிரி நேர்ந்துகொண்டார். என் மகளுக்கு ஒரு பிள்ளையைக் கொடு தாயே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஓடாமல் நிற்கிற என் வண்டியை வேறொருவன் கைபடாமல் நானே சரிசெய்து, நானே ஓட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு வந்து உன் காலடியில் மெழுகுவத்தி ஏற்றுவேன் என்று. மற்றவர்கள் மொட்டை போடுகிறேன், வெள்ளியில் தொட்டில் செய்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். இவர் வண்டியை நேர்ந்தார். நான் அப்போது சிரித்தேன். சித்திரையில் நீ உண்டாகியிருக்கிறாய் என்று கடிதம் வந்ததும் இரண்டு பேரும் அழுதோம், என் சிரிப்பும் அன்றோடு போயிற்று. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி என் பங்கு என்று உன் நைனா அன்றைக்கே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அது யுத்த காலத்துப் பட்டாளத்து மோட்டார் சைக்கிள் என்று உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகும்போது டேங்க் மேல் உட்கார்ந்து போனாயே, அதேதான். கடல் காற்றில் உப்புப் பூத்து, ஒவ்வொரு ஆணியும் துருவேறிப் போயிருந்தது. வாசலில் வைத்தால் இரவோடு இரவாக ஆளுக்கொரு பாகமாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முன்னறைக்குள் ஏற்றினார். அதன் பிறகு எனக்கு வீடு என்று ஒன்று இல்லை. கதவு பாதிதான் திறக்கும். சமையல்கட்டிலிருந்து வாசலுக்கு வர வேண்டுமானால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பின் சக்கரம். என் மீன் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சங்கிலி ஊறுகிறது. அரிசிக்குள் கையை விட்டால் போல்ட்டு வருகிறது. கழுவுவதற்கு, துடைப்பதற்கு, இதைப் பிடி அதை அழுத்து என்பதற்கெல்லாம் நான். வேறொருவன் கை படக்கூடாது என்றீர்களே, என் கை படலாமா என்று கேட்டால், பெண்டாட்டி கை வேறு கையா என்பார். இந்த வண்டிக்குச் சாமான் இப்போது சீமையிலிருந்து வருவதில்லை. பாரிஸ் கார்னருக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து புதுப்பேட்டைக்கு நடந்து, பழைய இரும்புக் குவியலைக் கிளறி, கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ எதையாவது வாங்கிவந்து, பொருந்துகிறவரை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில் என் பல்லெல்லாம் கூசிப்போனது.

எஞ்சின் மூடி சேருகிற இடத்தில் எண்ணெய் கசிந்தது. எதை வைத்து அடைத்தும் நிற்கவில்லை. காசிமேட்டில் படகுக்கு ஓட்டை அடைப்பார்களே, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, அதைக் கேட்டு வாங்கிவந்து பூசினார். கடல் தண்ணீரையே உள்ளே விடாதது இந்தச் சொட்டு எண்ணெயையா விடப்போகிறது என்று எனக்கு நியாயம் வேறு. படகு சூடேறாது, எஞ்சின் சூடேறும் என்கிற யோசனை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள் பூசை முடிந்து வந்து வண்டியைச் சந்தில் இறக்கி உதைத்தார். ஐந்தாறு உதையில் பிடித்துக்கொண்டது, ரோசி. அந்தப் பழைய சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் குங்கிலியம் உருகி எஞ்சின் மேல் வழிந்து புகைந்து, சந்து முழுக்கத் தூபம் போட்ட வாசனை. எதிர்வீட்டுக் கெங்கம்மா வெளியே வந்து, இன்னாக்கா, சாமியாரு வூட்டாண்டயே வந்துட்டாரா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தார். சந்து முனைவரை போனார். அங்கே பெரிய ரோட்டில் துறைமுகத்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முனையில் நிறுத்தி, வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். கிளட்ச் நழுவுகிறது என்றார். மறுநாள் நான் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் முழு வண்டியும் பிரிந்து பாயில் கிடந்தது.

சரி, கிளட்ச்தானே என்று இருந்தேன். பொருத்தினார், மறுபடி பிரித்தார். கிளட்ச் போய் கியர், கியர் போய் பிரேக். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு வாரம் என்பார். செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருநாள் கொடியும் இறங்கியாயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்களுக்கு மகள் வீட்டுக்குப் போக மனமில்லை, மருமகன் சோற்றில் கை வைக்க ரோஷம், அதற்கு மாதாவைச் சாக்குச் சொல்கிறீர்கள் என்று நானும் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். அவர் குனிந்து ராவிக்கொண்டே இருந்தார். நான் மட்டும் கிளம்பிப் போகிறேன் என்றேன், அதற்கும் அரத்தை நிறுத்தவில்லை. எலிப்பொறியில் மாட்டினது போல அந்த அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். மண்ணெண்ணெய் நாற்றம், எண்ணூர் மின்நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பினால் துணியெல்லாம் கரி, ஜன்னலைத் திறக்க முடியாமல் குறுக்கே வண்டி. சில நாள் குழாயடியில் தண்ணீர் பிடித்த பிறகும் வீட்டுக்குள் வர மனமில்லாமல் குடத்தோடு நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. போன மாதக் கடைசியில் டேங்குக்குச் சாயம் அடித்தார். கறுப்புச் சாயம் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். கெங்கம்மாவின் தம்பி படகுக்கு அடித்தது போக மீந்த நீலச் சாயமும், அவர்கள் வீட்டில் இடமில்லை என்று நம் நடையிலேதான் இருந்தது. நான் மீன் வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் டேங்க் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நல்ல நீலம், நடுவில் இரண்டும் கலந்து வழிந்திருக்கிறது. எட்டிப் பார்த்த கெங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏதோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார் என்று. உன் நைனா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி, எப்படி, கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார். அவர் விளையாடவில்லை. கெங்கம்மாவுக்குக் கண் காட்டி அனுப்பிவிட்டு, பளபளவென்று இருக்கிறது என்றேன். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பேப்பரில் என்ன செய்தி என்றால் எல்லாம் பழைய செய்திதான் என்று மடித்து வைத்தது, போல்ட்டையெல்லாம் விரலால் தடவித் தடவி எடுத்தது, பூசையில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தது, எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டின கடைசி வருஷமே கொஞ்சம் மங்கல்தானாம், வயசு என்று விட்டுவிட்டாராம். நேர்ந்துகொண்டபோது இவ்வளவு இல்லையாம். இப்போது எல்லாம் புகை போட்ட மாதிரி இருக்கிறதாம். ஆகஸ்டு பதினைந்து அன்றைக்கு வண்டியோடு சந்து முனையில் நின்றாரே, லாரி வருவது சத்தத்தில்தான் தெரிந்ததாம், எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லையாம். பிறகு ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"முடிச்சிட்டா ஓட்டணும் பிலோமி. என்னால ஓட்ட முடியாது. பிரிச்சிப் போட்டு வெச்சிகினா, இன்னும் முடியலன்னு சொல்லிகினு இருக்கலாம்ல."

அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. நான்தான் அழுதேன். என்னிடம் மறைத்துவிட்டாரே என்ற கோபம் ஒரு பக்கம், நான் பேசின பேச்சு ஒரு பக்கம்.

விஷயம் வெளியே வந்துவிட்டால் வழி பிறக்கும் என்று நினைத்தேன். பிறக்கவில்லை. துறைமுகத்தில் இவரோடு வேலை பார்த்த தோஸ்து லோகநாதனை வரவழைத்துச் சொன்னேன். அவர் வந்து, புரைதான் அண்ணே, எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நேர்ச்சையை முடித்த பிறகுதான் கத்தி வைப்பேன், தவறிப்போய்க் கண் அவிந்துவிட்டால் மாதாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்கிறார். அப்படியானால் நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார் என்றார் லோகநாதன். நானே ஓட்டி வருவேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன் என்கிறார். பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். அவர் வீட்டுக்கே வந்து, சக்கரத்தையும் சட்டியையும் தாண்டி உட்கார்ந்து, மாதா கடன்காரி இல்லை கஸ்பார், இந்த நேர்ச்சையை மாற்றித் தர எனக்கு அதிகாரம் உண்டு, நம் கோயிலுக்கே நடந்து வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் போதும் என்று தன்மையாகச் சொன்னார். உன் நைனா சாமியார் கையை முத்தி செய்து, காபி கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கேட்டபோது மாதா பேரம் பேசினாளா என்று என்னிடம் கேட்கிறார். கண்ணுக்குக் கத்தி வைக்க நேர்ச்சை முடியவேண்டும், நேர்ச்சை முடிய வண்டி ஓட்டவேண்டும், வண்டி ஓட்டக் கண் வேண்டும். இதற்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருவது, நீயே சொல். இவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வரவும் முடியாது. அடுப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிற மனிதரை யாரிடம் விட்டு வருவேன்?

இப்படி இருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை உன் கடிதம். மறுநாள் காலை அவர் கெங்கம்மா புருஷனோடு கடலோரம் கல் கொட்டியிருக்கிற இடத்துக்குக் காற்று வாங்கப் போனபோது, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். எஞ்சினுக்குப் பின்னால் மேக்னெட்டோ என்று ஒன்று உண்டு. பெட்ரோலைக் கொளுத்துகிற நெருப்புப் பொறி அதிலிருந்துதான் வரவேண்டும், அது இல்லாவிட்டால் என்ன உதைத்தாலும் உயிர் வராது. மற்றதை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவ என்னிடம் கொடுப்பார், இதை மட்டும் தொடவிடமாட்டார். அப்படிப் பொத்தி வைத்ததால்தான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. எந்த ஸ்பேனர் எந்த போல்ட்டுக்கு என்று இந்த ஆறு மாதத்தில் எனக்கும் பாடமாகிவிட்டது. கழற்றினேன். ஏதோ அவர் நெஞ்சிலிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது. டிரங்குப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தாலியோடு கோத்துக்கொண்டேன். பிறகு லோகநாதனைப் பிடித்து, ஹவுரா மெயிலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவரச் சொன்னேன்.

சாயங்காலம் அவர் வந்து பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கை வெறும் இடத்தில் போய் நின்றது. மறுபடி தடவினார். நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேக்னெட்டோ என்னிடம்தான் இருக்கிறது, அது நம் மகள் வீட்டுக்கு வருகிறது, வேண்டுமென்றால் நீங்களும் கூட வாருங்கள், அங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுவோம், பார்வை வந்தபின் திரும்பி வந்து நீங்களே பொருத்தி நீங்களே ஓட்டுங்கள், பின்னால் நான் உட்கார்ந்து வருகிறேன், நேர்ச்சையை நான் தடுக்கவில்லை, என் மகள் ஒண்டியாகப் பிள்ளை பெறுவதைத்தான் தடுக்கிறேன் என்றேன். அடிக்க வருவாரோ என்றுகூட நினைத்தேன், இத்தனை வருஷத்தில் அடித்ததில்லை என்றாலும். அவர் அந்த வெறும் இடத்தில் கையை வைத்தபடியே இருந்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு கேட்டார்.

"நல்லா துணி சுத்தி வெச்சியா? ரயிலு குலுக்கும்."

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மீதியையும் சொன்னார். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்றுதானே நேர்ந்தேன், இந்தக் கண்ணால் எப்படியும் முகம் தெரியப்போவதில்லை, மாதாவுக்கு அது தெரியும், மடியில் வைத்துக்கொள்கிறேன், அது போதும் என்றார். ஆனால் கத்தி வைத்துக் கட்டு அவிழ்க்கிற அன்றைக்குப் பிள்ளையை அறையில் வைத்திருக்கக் கூடாதாம். வண்டியில் வேளாங்கண்ணி போய் வந்த பிறகுதான் கண்ணால் பார்ப்பாராம். அதில் ஒரு அணுகூட அசையமாட்டேன் என்கிறார். நான் சரி என்றுவிட்டேன். பெட்டியைத் திறந்து, உனக்காகத் தைத்து வைத்திருந்த பிள்ளைத் துணி நாலை அந்த இரும்பின் மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன்.

ஆகையால் ரோசி, இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் ஏறி ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே வந்து சேருகிறோம். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நைனாவுக்குத் தெரியாது. கையைப் பிடித்து இறக்கினால் ரோஷம் வரும், பெட்டியை வாங்குகிற மாதிரி கையை வாங்கிக்கொள்ளச் சொல். நீ குடம் தூக்காதே, இடது பக்கமாகவே படு. மாடிப்படி ஏறி அடுத்த குவார்ட்டர்ஸுக்கு அரட்டைக்குப் போவதையும் நிறுத்திக்கொள். பிள்ளை திரும்பிவிடும், நானும் குறுக்கே கிடந்து திரும்பின பிள்ளைதான் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். திரும்பாவிட்டாலும் நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

ஆரோக்கிய மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதமும் நெற்றியில் சிலுவையும். ஒன்றை மறந்துவிடாதே, மாப்பிள்ளை வீட்டாருக்கும் காரணம் சொல்லாமல் சொல்லி வை. பிள்ளை பிறந்து குளிப்பாட்டியதும் முதலில் உன் நைனா மடியில்தான் வைக்க வேண்டும். வைத்த பிறகு, யார் ஜாடை என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
க. பிலோமி